டீக்கன் தூங்கவில்லை என்று ஓட்டெடுத்தோம்

கவர்னர் நூறு நாளைக்கு ஆள் கேட்டார். மூன்று வருஷமாகத் தெற்கத்தி மாநிலங்களோடு சண்டை போடும் அசல் பட்டாளத்தை எல்லாம் முன்னால் அனுப்பிவிட்டால், பின்னால் கிடக்கிற பாலங்களையும் கிடங்குகளையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் இல்லையா? அந்த யாராவது நாங்கள். ஒஹாயோவில் பெல்டன் என்று ஓர் ஊர்; பால் கறப்பதும் வெண்ணெய்க்கட்டி செய்வதும் தவிர வேறு தொழில் தெரியாதவர்கள். மக்காச்சோளம் விதைக்கிற நேரத்தில் கலப்பையைப் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு, பேண்டு வாத்தியத்தோடு கிளம்பினோம். போகும்போது அழுதவர்களைவிடச் சிரித்தவர்கள்தான் அதிகம். அறுவடைக்குள் திரும்பிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

கிளம்புவதற்கு முன் கேப்டன் தேர்தல் நடந்தது. எங்களைப் போன்ற தொண்டர் படையில் அதிகாரி மேலேயிருந்து வருவதில்லை. நாங்களே ஓட்டுப் போட்டு எடுத்துக்கொள்வோம். எங்கள் தேவாலயத்து மூப்பரான டீக்கன் ஹோசியா பெட்டிபோனுக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. ஊரில் பெரிய பண்ணை அவருடையது, கவாத்துப் புத்தகத்தை மனப்பாடம் செய்திருந்தார், தேர்தலுக்கு முந்தின வாரமே இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான் வைத்துக் கேப்டன் கோட்டு தைத்துவிட்டார்.

அவர் மறந்துபோன விஷயம் ஒன்று உண்டு. எங்கள் சபையில் பிரசங்க நேரத்தில் யாராவது கண்ணயர்ந்தால், அவர் ஒரு நீளக் கோலை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வந்து விலாவில் குத்துவார். மற்ற சபைகளில் தாத்தா காலத்திலேயே விட்டொழித்த வழக்கம் அது. பெல்டனில் மட்டும் டீக்கன் இருக்கும்வரை அதற்குச் சாவில்லை. கோலின் ஒரு முனையில் மரக்குமிழ், அது ஆண்களுக்கு. மறுமுனையில் நரிவால், அது பெண்களின் கன்னத்தில் தடவி எழுப்ப. குத்துவதோடு விட்டாலும் பரவாயில்லை. ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று, இன்று தூங்கியவர்கள் இன்னின்னார் என்று பெயர் சொல்லுவார். இருபது வருஷமாக இந்தத் திருப்பணி. அந்த ஊரில் அவரிடம் குத்து வாங்காத விலா ஒன்றுகூடக் கிடையாது.

ஓட்டுப் பெட்டியாக ஒரு தொப்பியை வைத்தோம். டீக்கனுக்கு ஒரு மக்காச்சோள மணி, எதிராளிக்கு ஒரு மொச்சை. எதிராளி யாரும் முன்வராததால் நான்தான் எழுந்து லெமுவேல் கார்பியின் பெயரைச் சொன்னேன். லெமுவேல், டீக்கனின் பண்ணையிலேயே பதினோரு வருஷமாக வேலை செய்கிற ஆள். நெட்டையன், பேச்சுக் குறைவு. யார் வீட்டுப் பசு கன்று ஈன முடியாமல் தவித்தாலும் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பவன். தனக்குப் பட்டாளத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று அவன் சொன்னதும், அதைவிட நல்ல தகுதி எதுவும் இல்லை என்று எங்களுக்குத் தோன்றிவிட்டது.

தொப்பியைக் கவிழ்த்தபோது மொச்சை கொட்டியது. நடுவில் இரண்டே இரண்டு மக்காச்சோளம். ஒன்று டீக்கனே போட்டது. இன்னொன்று யாருடையது என்று இன்றுவரை தெரியாது. அவருடைய மருமகன் அல்ஃபியஸ் க்ரேன் எங்களிடம் சத்தியமாகத் தன்னுடையது இல்லை என்றான்; தன் பெண்டாட்டியிடம் சத்தியமாகத் தன்னுடையதுதான் என்றான்.

டீக்கன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார் என்று நினைத்தோம். அவர் புதுக் கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, சாதா சிப்பாயாகக் கையெழுத்துப் போட்டார். போட்டவர் நேராக லெமுவேலின் முன்னால் வந்து நின்று குதிகாலைச் சேர்த்து ஒரு சல்யூட் அடித்தார். அந்த மாதிரி சல்யூட்டுக்குப் பதில் கன்னத்தில் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பாவம், லெமுவேல் பழக்கதோஷத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

மேரிலாந்தில் ஸ்டில்லர் ஓடைக்கு மேலே போகிற ரயில் பாலத்தை எங்கள் தலையில் கட்டினார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் கூடாரங்கள், அந்தப் பக்கம் ஓர் ஆப்பிள் தோட்டம், நடுவில் பாலத்தைத் தவிர ஒன்றுமே இல்லை. தேர்தலுக்கு எடுத்த மொச்சையையே மூன்று வேளையும் பன்றிக்கறியோடு வேகவைத்துத் தின்றோம். பிஸ்கட் என்று ஒன்று கொடுத்தார்கள், அதைக் காப்பியில் ஊறப்போட்டுக் காத்திருந்தால் உள்ளேயிருந்து புழு முதலில் வெளியே வரும், பிறகு பிஸ்கட் மெதுவாக இளகும். அசல் பட்டாளம் ரயிலில் முன்னணிக்குப் போகும்போது கூரை மேல் உட்கார்ந்துகொண்டு, பால்காரங்களா சௌக்கியமா, நூறு நாள் மாப்பிள்ளைகளா விருந்து எப்படி என்று கத்திக்கொண்டு போவார்கள். முதலில் ரோஷம் வந்தது. பிறகு நாங்களும் கையை ஆட்டிவிட்டு மொச்சையைக் கிளறப் போய்விடுவோம்.

ஊரில் எப்படியோ அப்படியே பாலத்திலும் இருந்தோம் என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் எந்த விஷயமானாலும் ஊர்க்கூட்டம் கூட்டி, ஒருவர் தீர்மானம் கொண்டுவந்து, இன்னொருவர் வழிமொழிந்து, கை தூக்கி முடிவு செய்வதுதான் வழக்கம். ரோட்டில் கல் போடுவதும் அப்படித்தான், பாதிரியாரை மாற்றுவதும் அப்படித்தான். பாலத்தில் கவாத்து காப்பிக்கு முன்னாலா பின்னாலா என்று கூட்டம் போட்டோம். சனிக்கிழமை குளிக்க வேண்டுமா என்பதற்கு இரண்டு கூட்டம் ஆயிற்று. நான் கார்ப்ரல் என்பதாலும், ஊரில் ஆப்பிள் பிழிந்து சாறு விற்கிறவன் என்பதால் நாலு பேரிடமும் முகம் கோணாமல் பேசத் தெரியும் என்பதாலும், ஆரின் டட்டில் ஆகிய என்னையே கூட்டத் தலைவனாக உட்கார வைப்பார்கள்.

கேப்டன் லெமுவேலும் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. அவன் உத்தரவு போடுகிற அழகே தனி. முடிந்தால் அந்தப் பக்கம் ஒருவர் போய்ப் பார்க்க முடியுமா, அவசரம் ஒன்றும் இல்லை என்பான். டீக்கனிடம் பேச நேர்ந்தால் அதுவும் வராது, ஐயா என்ற ஒரு வார்த்தையோடு நின்றுவிடுவான். டீக்கனோ அவனை வார்த்தைக்கு வார்த்தை கேப்டன் ஐயா, தங்கள் சித்தம் கேப்டன் ஐயா என்று கொன்றுகொண்டிருந்தார்.

அந்த மனிதருக்கு ஒரு வைராக்கியம் பிடித்துக்கொண்டது. தன்னைத் தள்ளிவிட்டவர்களுக்கு சிப்பாய் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டிவிட வேண்டும். கம்பெனியில் அவருடைய துப்பாக்கி ஒன்றுதான் பளபளத்தது, அவருடைய பொத்தான்தான் முழுசாக இருந்தது. காவல் முறையில் யாராவது தூணில் சாய்ந்துகொண்டு பைப் புகைப்பதைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. ஈரச் சாக்கு மாதிரி நிற்காதே, போய்ப் படு என்று துரத்திவிட்டு அந்த முறையையும் தானே நிற்பார். வலிய வந்து சுமையைத் தூக்குகிறவரைத் தடுக்கும்படி பெல்டனில் யாரையும் வளர்க்கவில்லை. நாளாக ஆக, டீக்கன் வருகிற நேரம் பார்த்துத் தூணில் சாய்வதற்கு எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். அவருக்கும் அது தெரிந்திருக்கும். தெரிந்தால் இன்னும் விறைப்பாக நிற்பார்.

ஜூலை பிறந்ததும் விளையாட்டு நின்றது. தெற்கத்திப் படை எல்லை ஆற்றைத் தாண்டிவிட்டது என்று சேதி வந்தது. எங்களுக்கு மேற்கே நாலைந்து மைலில் இன்னொரு பாலம் பட்டப்பகலில் எரிந்து விழுந்தது. அங்கே காவலில் நின்றவன் தூங்கியிருக்கிறான். அவனோடு சேர்த்துப் பத்துப்பன்னிரண்டு பேர் செத்துப்போனார்கள். அவர்களும் எங்களைப் போல நூறு நாள்காரர்கள்தான். அன்று கூட்டம் போடாமலேயே காவலை இரட்டிப்பாக்கினோம். அதாவது, காகிதத்தில் இரட்டிப்பாயிற்று. பாதி முறையை வழக்கம்போல டீக்கன் நின்றார்.

இரண்டு நாள் கழித்து, தார் உருகுகிற மத்தியான வெயிலில், தண்டவாளத்தில் கையால் தள்ளுகிற வண்டியில் மேஜர் வான்டெவர் வந்து இறங்கினார். அசல் பட்டாளத்து ஆள். முகத்தில் சிரிப்பு என்று ஒன்று இருந்திருந்தால் அது முதல் வருஷச் சண்டையிலேயே போயிருக்க வேண்டும். பாலத்தின் கோடித் தூணருகே ஒரு சிப்பாய் கம்பு நட்டது போல நேராக நிற்பதைப் பார்த்து அவருக்குத் திருப்தி. கிட்டே போனால் கண் மூடியிருக்கிறது. மேஜர் அவர் கையிலிருந்து துப்பாக்கியை உருவினார். அசைவில்லை. தலையிலிருந்து தொப்பியை எடுத்தார். அதற்கும் அசைவில்லை. அப்புறம் காதில் ஒரு சத்தம் போட்டார்.

டீக்கன் கண்ணைத் திறந்தார். எதிரில் மேஜர், மேஜர் கையில் தன் துப்பாக்கி. பழக்கம் விடுமா, முதலில் சல்யூட் அடித்தார். அதற்குப் பிறகுதான் முகம் மோர்த்தண்ணி நிறத்துக்கு வெளுத்தது. நான் கூடாரத்திலிருந்து ஓடி வந்தபோது அவர் கை இன்னும் சல்யூட்டிலேயே இருந்தது.

மேஜர் நேராகச் சொல்லிவிட்டார். காவலில் தூங்கினால் ராணுவச் சட்டத்தில் சுடலாம். எரிந்த பாலத்துக்குப் பிறகு யாரையாவது சுட்டுக் காட்டாவிட்டால் நூறு நாள் படைக்குப் புத்தி வராது. நாளைக் காலை பக்கத்து ரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் விசாரணை, சுடச்சொல்லும் உத்தரவு வாங்காமல் தான் போகப்போவதில்லை. டீக்கனைக் கொண்டுபோய்த் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த சோளக் களஞ்சியத்தில் அடைத்தார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கூட்டம் கூடிற்று. இருபது வருஷம் விலாவில் குத்து வாங்கியவர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் முகத்திலாவது சந்தோஷம் இருக்கும் என்று தேடினேன். ஏமாந்துபோனேன். டீக்கனைத் திட்டலாம், கேலி செய்யலாம், தேர்தலில் தோற்கடிக்கலாம். வெளியூர்க்காரன் வந்து அவரைச் சுடுவதா?

அல்ஃபியஸ்தான் வழி கண்டுபிடித்தான். அவன் கண்டுபிடித்த முதல் வழி அது.

"மாமா தூங்கலன்னு சொல்லுவோம். ஜெபம் பண்ணிட்டிருந்தாருன்னு சொல்லுவோம். அவரு ஜெபம் பண்ணா எப்படின்னு உங்களுக்கே தெரியுமே. போன நன்றித் திருநாளன்னிக்குக் கண்ண மூடினவரு, பூனை வான்கோழிக் காலத் தூக்கிட்டுப் போயி அடுப்படியில வச்சுத் தின்னு முடிச்சுது, அப்பவும் ஆமென் சொல்லல."

அது உண்மை. ஊரே அறிந்த உண்மை. டீக்கன் பெட்டிபோன் காவலில் இருந்தபோது ஜெபம் செய்துகொண்டிருந்தார் என்று நான் தீர்மானத்தை வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு என்று ஒருவர் திருத்தம் கொண்டுவந்தார். விழிப்போடு கண்ணை மூடிக்கொண்டு என்று அந்தத் திருத்தத்துக்கு இன்னொரு திருத்தம். எல்லாக் கையும் எழுந்தது. கேப்டன் மட்டும் ஒரு பீப்பாய் மேல் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். ஏன் கை தூக்கவில்லை என்றதற்கு, கேப்டனுக்கு ஓட்டு இல்லை என்று சொல்லி அடுத்த கிழங்கை எடுத்தான்.

தீர்மானத்தைத் தெரிவிக்க நான் களஞ்சியத்துக்குப் போனேன். பலகை இடுக்கு வழியாகத்தான் பேச வேண்டும். டீக்கன் ஓரத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எத்தன ஓட்டு விழுந்துது?"

"எல்லா ஓட்டும் விழுந்துதுங்க டீக்கனய்யா. எதிர்ப்பு ஒன்னுகூட இல்ல."

"எனக்கா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கண்ணும் கொஞ்சம் கரித்தது, மறைப்பானேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய குரலில் சொன்னார்.

"ஆனா நான் தூங்கினேன் ஆரின். ஜெபம் பண்ணல, ஒன்னும் பண்ணல. கட்டை மாதிரி தூங்கினேன். நாளைக்கு என்னைக் கேக்காத வரைக்கும் பேசாம இருக்கேன். கேட்டா, உள்ளதத்தான் சொல்லுவேன். இத்தன நாள் அடுத்தவன் தூக்கத்த ஊருக்குச் சொன்னவன், என் தூக்கத்த மட்டும் ஒளிச்சு வக்கவா?"

சுட்டுவிடுவார்களே என்றேன். ஆட்டுக்குட்டிகளை இந்த வாரம் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும், மகளுக்குச் சொல்லி அனுப்பு என்று மட்டும் சொன்னார்.

காலையில் கொட்டகைக்குள் மாவு மூட்டைகளை நகர்த்தி மேசை போட்டார்கள். நடுவில் எங்கள் கர்னல் ஹெய்ல், ஊரில் வக்கீல், அவரும் ஓட்டு வாங்கி வந்தவர்தான். இரண்டு பக்கமும் வேறு கம்பெனிக் கேப்டன்கள் இருவர், ஒருவர் மாவரைப்பவர், ஒருவர் செருப்புக் கடைக்காரர். எதிரில் மேஜர். நாங்கள் எல்லோரும் மூட்டைகள் மேல் உட்கார்ந்துகொண்டோம். உட்கார அனுமதி உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

முதல் சாட்சி அல்ஃபியஸ். நன்றாகத்தான் ஆரம்பித்தான். வான்கோழிக் கதையை அழகாகச் சொன்னான், செருப்புக் கடைக்காரர் சிரிப்பை அடக்க மீசையைக் கடித்துக்கொண்டார். மேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது வீட்டில், இது பாலத்தில். பாலத்தில் அவர் செய்தது ஜெபம்தான் என்று உனக்கு எப்படித் தெரியும் என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்.

"சந்தேகமே வேணாங்க. நேத்து சாயங்காலம் ஓட்டெடுத்து முடிவு பண்ணிட்டோம். ஒருத்தர்கூட எதிர்க்கல."

கொட்டகையில் மாவுத்தூசி பறக்கிற சத்தம்கூடக் கேட்டது. மேஜருக்குக் கழுத்திலிருந்து மேலே ஒரு சிவப்பு ஏறியது.

"ஓட்டெடுத்தீங்களா? ஒருத்தன் தூங்கினானா இல்லையான்னு ஓட்டா?"

"ஆமாங்க. ரெண்டு திருத்தத்தோட."

யார் வழிமொழிந்தது என்று கர்னல் ஹெய்ல் கேட்டார். இருபது வருஷமாக ஊர்க்கூட்டம் நடத்துகிறவர், அவரையும் அறியாமல் வாயில் வந்துவிட்டது. மேஜர் அவர் பக்கம் திரும்பிய திரும்பலில் கர்னல் தன் காகிதங்களைச் சரிசெய்ய ஆரம்பித்தார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் ஒரு விஷயம் நிறைவேறிவிட்டால் அது உண்மை. வேறு ஊரில் அப்படி இல்லை என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

தூங்கினாயா என்று மேஜர் டீக்கனிடம் கேட்டார். டீக்கன் எழுந்து நின்றார்.

"தூங்கினேன். இவங்க எல்லாரும் நல்ல மனசுல சொல்றாங்க. அதுக்குக் கடவுள் இவங்கள மன்னிக்கட்டும். நான் தூங்கினேன்."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். மேஜர் காகிதத்தை எடுக்கக் கை நீட்டினார். அப்போது பின்னாலிருந்து லெமுவேல் எழுந்தான். கூரை விட்டத்தில் தலை இடித்தது. வழக்கம்போல ஐயா என்ற ஒரு வார்த்தையோடு நின்றான். பிறகு மற்ற வார்த்தைகளும் வந்தன. அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதே கிடையாது.

"நான் இவர்கிட்ட பதினோரு வருஷம் வேலை பாத்தவன். ஞாயித்துக்கிழமைல ஆராதனைக்கு முன்னாடி எல்லா மாட்டையும் கறந்துட்டு, தொழுவத்தக் கழுவிட்டு வந்து உக்காருவேன். உக்காந்தா தூங்கிடுவேன். சபையிலயே அதிகமா குத்து வாங்கினவன் நான்தான். இவர் குத்தினாரு, வாசல்ல நின்னு பேரு சொன்னாரு. எப்ப எந்திரிச்சேன்னு ஒரு நாளும் கேட்டதில்ல."

டீக்கன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத நான் இப்ப கேக்கறேன். ஐயா, நேத்து நீங்க எப்பலேர்ந்து நின்னீங்க?"

கேட்டால் உள்ளதைச் சொல்வேன் என்று என்னிடம் சொன்னவர், இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

"முந்தா நாள் காலைலேர்ந்து. நடுவுல சாப்பிட உக்காந்தேன்."

ஒன்றேகால் நாள். கர்னல் பேனாவைக் கீழே வைத்தார். அது யார் யாருடைய முறை என்று கேட்டார். டீக்கன் மேலே கூரையைப் பார்த்தார். தூங்கியவன் பெயரை இருபது வருஷம் ஊருக்கு முன்னால் படித்த வாய் அது.

"பேரு ஒன்னும் ஞாபகம் இல்ல."

அவருடைய வாழ்க்கையிலேயே அவர் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ரொம்ப மோசமாகச் சொன்னார். அல்ஃபியஸ் எழுந்து, ஒன்று தன்னுடையது என்றான். அவன் பக்கத்தில் இருந்தவன் எழுந்தான். அப்புறம் எங்களில் பாதிப்பேர் எழ வேண்டியதாயிற்று. நாங்கள் வெளிநடப்புச் செய்கிறோம் என்று நினைத்து மேஜர் வாசலில் நின்ற காவலைக் கூப்பிட்டார்.

இது உனக்குத் தெரியுமா என்று மேஜர் லெமுவேலைக் கேட்டார். தெரியும் என்றான் அவன். எசமானாக இருந்தவரைப் போய்ப் படுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை, அது கேப்டனின் தப்பு, சிப்பாயின் தப்பு இல்லை, தண்டனை உண்டென்றால் முதலில் தனக்குத்தான் என்றான். சொல்லிவிட்டு உட்காராமல் நின்றான். மேஜர் அவனை மேலும் கீழும் பார்த்தார். நீதிபதிகள் மூவரும் தலையைச் சேர்த்துக்கொண்டு முணுமுணுத்தார்கள். மாவரைப்பவர் மேசைக்கு அடியில் கையைத் தூக்குவதை நான் பார்த்தேன். அவர்களும் ஓட்டெடுத்தார்கள்.

கர்னல் தீர்ப்பை வாசித்தார். தூங்கியது குற்றம்தான். ஆகையால் டீக்கன் பெட்டிபோன் இனி தன் முறையைத் தவிர வேறு யாருடைய முறையிலும் நிற்கக் கூடாது. இப்போதே போய்ப் படுத்து, தானாக விழிக்கும்வரை தூங்க வேண்டும். தூங்குகிறாரா என்று பார்க்கக் காவல் போட வேண்டும். கேப்டன் கார்பி இனிமேல் உத்தரவை உத்தரவாகப் போட வேண்டும். மேஜர் அதைக் கேட்டு, பால்காரப் படைக்குப் பால்காரச் சட்டம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மேலிடத்தில் போய்ச் சண்டை போடுவார் என்று பயந்தோம். தள்ளுவண்டியில் ஏறும்போது அவர் தோள் குலுங்கியது. அது கோபமா சிரிப்பா என்று இரண்டு கட்சி ஆயிற்று. எப்படியோ, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது.

தூங்குகிறவருக்குக் காவலாக என்னையே போட்டார்கள். ஆப்பிள் தோட்டத்தில் நிழலாக ஓரிடம் பார்த்துக் கம்பளி விரித்தோம். டீக்கன் பூட்ஸோடு மல்லாந்து படுத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு, கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தார். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தே தீருவது என்று இருந்தாரே தவிர, தூக்கம் உத்தரவுக்கு வருமா? நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பிஞ்சு ஆப்பிள் ஒன்றைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தேன்.

லெமுவேல் வந்தான். கைதி எப்படி இருக்கிறார் என்று பார்க்க வந்தவன் போல நின்றான். டீக்கன் வானத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"எப்ப எந்திரிப்ப?"

"யாரு, நானா?"

"ஞாயித்துக்கிழமைல."

"கோழி கூவறதுக்கு ரொம்ப முன்னாடிங்க."

"பனிக்காலத்துலயும்?"

"மாட்டுக்கு ஏதுங்க பனிக்காலம்."

ஓர் எறும்பு டீக்கனின் கழுத்துப்பட்டியில் ஏறிப் போயிற்று, அவர் தட்டவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நான் தூங்கும்போதுதானே ஐயா பக்கத்துல வருவீங்க. முழிச்சிருக்கும்போது வந்ததில்லையே."

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்கே நிம்மதியாக இருந்திருக்கும். மழை பெய்தால் மண் நனையும் என்பது போலச் சொன்னான். டீக்கன் எழுந்து உட்கார்ந்தார். தண்டனை என்னாவது என்று நான் வாய் திறப்பதற்குள், கம்பளியில் ஓர் ஓரத்தைத் தட்டிக் காட்டி அவனை உட்காரச் சொன்னார். லெமுவேல் நின்றான், தயங்கினான், உட்கார்ந்தான். பெல்டனில் அந்த இருவரும் ஒரே விரிப்பில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மாடுகளைப் பற்றி ஏதோ பேச ஆரம்பித்தார்கள். கேட்டுக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை என்று நான் எழுந்து பாலம் வரைக்கும் போனேன். கர்னலின் உத்தரவுப்படி அது தப்புத்தான், இருக்கட்டும்.

திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. லெமுவேல் மரத்தில் முதுகு சாய்த்தபடியே தூங்கிப்போயிருந்தான், வாய் பிளந்து, நெட்டைக்கால் இரண்டும் கம்பளிக்கு வெளியே நீண்டு கிடக்க. நேற்று ராத்திரி முழுக்கக் கண் மூடியிருக்க மாட்டான் போலிருக்கிறது. டீக்கன் அவன் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தொப்பியால் அவன் முகத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். என் பூட்ஸ் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தவர் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா வா ஆரின். இவன் வெள்ளென எந்திரிச்சவன்."